கணினியின் பொய்க் காவலர்கள்

திருடன் கன்னம் வைத்து வீட்டுக்குள் நுழைவதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ‘உங்கள் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான், கதவைத் திறவுங்கள், நான் பிடித்துத் தருகிறேன்’ என்று வாசலில் நின்று கூவி, நம் கையாலேயே கதவைத் திறக்கச் செய்து, அதன் பிறகு உள்ளே நுழைகிற திருடனும் உண்டு. கணினி உலகில் இத்தகைய திருடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நல்ல வருவாயோடு தொழில் நடத்தி வருகிறான். அவன் செய்யும் தந்திரத்தைப் பற்றியும், அவன் நுழைந்துவிட்டால் அவனை வெளியேற்றும் முறையைப் பற்றியும் இன்று மாணவ நண்பர்களுக்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

இதைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் கணினி வல்லுநன் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பொருளைப் பொறுத்தவரை எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று, நான் ஏமாந்தவன்.

ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் பகுதி உழவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்துக் கணினியில் எழுதி வருகிறேன். வாய்க்கால், வரப்பு, நெல், மாடு, கலப்பை ஆகியவற்றைச் சார்ந்த சொற்கள் நாலாயிரம் வரை சேர்ந்திருக்கின்றன. அவற்றை எனக்குச் சொன்ன முதியவர்களிற் பலர் இன்று உயிரோடு இல்லை. அந்தத் தொகுப்புக்கு வேறு பிரதி கிடையாது. எல்லாம் அந்த ஒரு கணினிக்குள்ளேதான் இருந்தன. ஒரு நாள் பிற்பகல், ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி ஏதோ ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தேன். திடீரென்று திரை முழுவதும் நீல நிறமாயிற்று. தீயணைப்பு வண்டி மணியைப் போன்ற ஓர் ஓசை எழுந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல், ‘உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் கோப்புகள் யாவும் அழிந்துபோகும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று திரும்பத் திரும்பக் கூறியது. அந்தப் பக்கத்தை மூடுவதற்குரிய பெருக்கல் குறியே திரையில் காணப்படவில்லை. என் கண் முன்னே நாலாயிரம் சொற்களும் தீயில் எரிவது போலத் தோன்றிற்று. அந்த எண்ணுக்குப் பேசினேன்.

பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். தொலைவிலிருந்தே என் கணினியைப் பார்ப்பதற்கு ஒரு செயலியை நிறுவச் சொன்னார், நிறுவினேன். என் திரையில் அவருடைய கை அசைவதைக் கண்டேன். விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒரு குறிப்பேடு உண்டு. அதனைத் திறந்து வரிசை வரிசையாக இருந்த சிவப்பு அடையாளங்களைக் காட்டி, ‘பாருங்கள், எத்தனை கேடு!’ என்றார். அந்தச் சிவப்பு அடையாளங்கள் நல்ல நிலையிலுள்ள எந்தக் கணினியிலும் இருப்பவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு செயலி ஒரு நொடி தாமதித்தாலும் அங்கே ஒரு குறிப்பு விழும். பிறகு, கணினியைத் தூய்மை செய்வதற்கு பதினாலாயிரம் ரூபாய் கேட்டார். வங்கி அட்டையை எடுக்க நான் எழுந்த நேரத்தில், தங்கையின் திருமண அழைப்பிதழைக் கொடுப்பதற்காக என் பழைய மாணவன் ஒருவன் உள்ளே வந்தான். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். திரையைப் பார்த்தவுடன், ஒரு சொல்லும் பேசாமல், இணைய இணைப்புப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான்.

“ஐயா, அட்டை எண்ணைச் சொல்லிவிட்டீர்களா?”

“இல்லை தம்பி, எடுக்கத்தான் போனேன்.”

“அப்படியானால் அஞ்ச வேண்டாம், ஐயா. உட்காருங்கள். நான் சொல்லச் சொல்ல நீங்களே செய்யுங்கள்.”

சோதனைச் சாலையில் ஒரு காலத்தில் நான் அவனிடம் சொன்ன சொற்கள் அவை. அன்று மாலை இரண்டு மணி நேரம் அவன் ஆசிரியனாகவும் நான் மாணவனாகவும் இருந்தோம். அவன் கற்பித்ததையும், அதன் பின் நானாகப் படித்தறிந்ததையும் சேர்த்தே இங்கே கூறுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். வலைப்பக்கம் எதுவும் நம் கணினியின் வட்டுக்குள் புகுந்து அங்குள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க இயலாது. உலாவி, அதாவது பிரவுசர், தான் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு வேலிக்குள் அடைத்தே வைத்திருக்கிறது. நாமாக ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலன்றி அந்தப் பக்கம் நம் கோப்புகளைக் காண முடியாது. ஆகவே, ஒரு பக்கம் தோன்றி, ‘உங்கள் கணினியைச் சோதித்தேன், முப்பத்தெட்டு வைரஸ்கள் இருக்கின்றன’ என்று கூறுமானால் அஃது எதையும் சோதிக்கவில்லை என்பது உறுதி. வேகமாக ஓடும் எண்களும், நிறைந்துகொண்டே வரும் பச்சைப் பட்டையும் முன்னமே வரைந்து வைத்த அசையும் படங்களே. இத்தகைய பக்கங்கள் பெருகியிருந்த காலத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மெக்கின்டாஷ், லினக்ஸ் முதலிய கணினிகளை வைத்திருந்தவர்களுடைய திரையிலும், விண்டோஸ் எக்ஸ்பியின் சாளரத்தைப் போலவே படம் வரைந்து, ‘உங்கள் சி வட்டில் வைரஸ்’ என்று அவை காட்டின. அந்தக் கணினிகளில் சி வட்டு என்பதே கிடையாது!

உலாவியில் பழுது இருந்து, அதன் வழியாக வேலியைத் தாண்டி நச்சு நிரல் உள்ளே வருவதும் நடந்ததுண்டு. அதனாலேயே உலாவியையும் இயங்குதளத்தையும் அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்கிறார்கள். ஆனால், அங்ஙனம் தாண்டத் தெரிந்தவன் வாசலில் நின்று நம்முடைய அனுமதியைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். கூவுகிறவன் இன்னும் வெளியே நிற்கிறான் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்தத் தொழிலின் வரலாறு சுவையானது. 2005ஆம் ஆண்டையொட்டி வின்ஃபிக்ஸர் முதலிய போலிக் கருவிகள் பரவத் தொடங்கின. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்னும் நிறுவனத்தின்மீதும் அதனைச் சார்ந்தவர்கள்மீதும் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இல்லாத வைரஸை நீக்குவதற்காகப் பணம் கொடுத்து ஏமாந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் கையாண்ட உபாயத்தைக் கவனியுங்கள். புகழ்பெற்ற நிறுவனங்களுக்காக விளம்பரம் செய்வதாகச் சொல்லி, நல்ல வலைத்தளங்களில் இடம் வாங்கினார்கள். விளம்பரத்தைச் சரிபார்க்கும் அலுவலகத்தார் திறந்தால் அழகான, குற்றமற்ற விளம்பரம் தோன்றும். பொதுமக்கள் திறந்தால் மாத்திரமே அச்சுறுத்தும் பக்கம் தோன்றும். பார்க்க வந்தவரின் இணைய முகவரியைக் கொண்டு ஆளுக்கேற்ற முகத்தைக் காட்டும்படி நிரல் எழுதியிருந்தார்கள். 2012இல் அந்த வழக்கில் பதினாறு கோடியே முப்பது லட்சம் டாலர் செலுத்தும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நல்ல தளங்களுக்குத்தானே போகிறோம், நமக்கு என்ன என்று இருப்பவர்களும் தப்பவில்லை. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வலைத்தளத்திலேயே இத்தகைய விளம்பரம் ஒன்று நுழைந்து, செய்தி படிக்க வந்தவர்களை அச்சுறுத்தியது. 2011 ஜூன் மாதத்தில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையும் பல ஐரோப்பிய நாடுகளின் காவல் துறையினரும் சேர்ந்து இத்தகைய கூட்டங்கள் இரண்டை மடக்கினர். அவற்றுள் ஒரு கூட்டம் மாத்திரம் 9,60,000 பேரிடம் ஏழு கோடியே இருபது லட்சம் டாலர் பறித்திருந்தது. அவர்கள் விற்ற போலி மருந்தின் விலை 129 டாலர் வரை இருந்தது.

கணக்கு ஆசிரியனாகிய எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், இத்தகைய மூன்று கூட்டங்களின் கணக்குப் புத்தகங்களையே ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போலிக் கருவி புகுந்த கணினிகளின் சொந்தக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை ஒட்டியே பணம் கொடுத்திருக்கிறார்கள். தொண்ணூற்றெட்டுப் பேர் கொடுக்கவில்லை. ஆயினும் அந்த மூன்று கூட்டங்களின் மொத்த வருவாய் பதின்மூன்று கோடி டாலருக்கும் மேல்! ஏமாந்தவர்களிற் சிலர் சண்டையிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்தும்விடுவார்களாம். நேர்மையினால் அன்று, புகார்கள் மிகுந்தால் கடன் அட்டை நிறுவனங்கள் அவர்களோடு உள்ள தொடர்பை அறுத்துவிடும் என்ற அச்சத்தினால். எத்தனை பேருக்குத் திருப்பிக் கொடுத்தால் மேலும் எத்தனை நாள் தொழில் நடத்தலாம் என்று கணக்கிட்டு நடத்தியிருக்கிறார்கள்.

பின்னர்க் காலம் மாறிற்று. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு வைரஸ் எதிர்ப்புக் கருவி இயங்குதளத்தோடே சேர்ந்து வரலாயிற்று. பணம் பெறும் வழிகளும் பல அடைபட்டன. ஆகவே திருடன் வேடத்தை மாற்றிக்கொண்டான். போலி மென்பொருளை விற்பதை விட்டு, போலி உதவி எண்ணைக் கொடுத்துத் தொலைபேசியில் பேசத் தொடங்கினான். என்னிடம் பேசியவர் அந்த வகையினர். அத்தகைய தொலைபேசிக் கூடங்களிற் பல நம் நாட்டிலேயே இயங்கின என்பது வெட்கத்தோடு சொல்ல வேண்டிய செய்தி. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வு நிறுவனம் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரால் 76 இடங்களிற் சோதனை நடத்திற்று. உதவி செய்வதாக நடித்து வெளிநாட்டாரை ஏமாற்றிய கூடங்களும் அதில் அகப்பட்டன. தன்னுடைய மென்பொருள் காட்டும் பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெளிவாக அறிவித்திருக்கிறது. இந்த ஒரு செய்தியை நான் அன்றே அறிந்திருந்தால் தொலைபேசியைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

இனி நீக்கும் முறைக்கு வருவோம். என் மாணவன் முதலில் கேட்ட கேள்வி, ‘நோய் எங்கே இருக்கிறது?’ என்பதே. பொய்க் காவலன் குடியிருக்கக்கூடிய இடங்கள் மூன்று. அவன் வெறும் வலைப்பக்கமாக இருக்கலாம், உலாவிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இயங்குதளத்துக்குள்ளேயே வேர்விட்டிருக்கலாம். முதல் இடத்தில் இருப்பவனைத் துரத்த ஒரு நிமிடம் போதும். மூன்றாம் இடத்தில் இருப்பவனுக்கு ஒரு நாள் வேண்டியிருக்கும். இடம் தெரியாமல் மருந்து தேடுகிறவர்கள்தாம், ‘வைரஸ் நீக்கி’ என்ற பெயரில் வரும் எதையாவது இறக்கிக்கொண்டு, இல்லாத நோயை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

வெறும் பக்கமாக இருந்தால், அதற்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடலாகாது. ‘வேண்டாம்’ என்று எழுதியிருப்பதும், பெருக்கல் குறி போல் வரைந்திருப்பதும்கூட ‘சரி’ என்பதற்குரிய பொத்தானாகவே இருக்கக்கூடும். அவை அந்தப் பக்கத்தை எழுதியவன் வரைந்த படங்களேயாகும். திரை முழுவதையும் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தால் எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உலாவியின் உண்மையான விளிம்பு தெரியவரும். பிறகு ஆல்ட் விசையோடு எஃப் 4 விசையை அழுத்தி உலாவியை மூடலாம். அதற்கும் இணங்காவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் உலாவியின் பெயரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் மூடிவிடும். மறுபடி திறக்கும்போது, ‘முன்பிருந்த பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரலாமா?’ என்று உலாவி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். இதற்கும் வழி தோன்றவில்லையானால் கணினியை அணைத்துவிடலாம். சேமிக்காத எழுத்து சில போகும், கோப்புகள் ஒன்றும் அழியா.

உலாவியை மூடிய பிறகும், திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் சிறு சிறு பெட்டிகளாக, ‘உங்கள் வைரஸ் பாதுகாப்பு முடிந்துவிட்டது’ என்று அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தால் நோய் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. மாணவர்களின் கணினிகளில் இன்று மிகுதியாகக் காணப்படுவது இதுவே. திரைப்படமோ, பாடநூலோ இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். ‘நீங்கள் இயந்திரம் அல்லர் என்று காட்ட அலௌ என்பதை அழுத்துக’ என்று அது கேட்கிறது, அழுத்துகிறீர்கள். நீங்கள் மெய்யாகக் கொடுத்தது, விரும்பியபோதெல்லாம் அறிவிப்பு அனுப்புவதற்கான உரிமையை. எந்த வைரஸும் நுழையவில்லை. ஆகையால் எத்தனை முறை சோதனை ஓட்டினாலும் எந்தக் கருவியும் எதையும் கண்டுபிடிக்காது. பலர் சலித்துப்போவது இங்கேதான். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதே மருந்து. குரோம் உலாவியில் செட்டிங்ஸ், அதனுள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றிலும் பெயர்கள் சற்று மாறுபட்டு இதே ஏற்பாடு உண்டு. என் பட்டியலில் ஒன்பது தளங்கள் இருந்தன. அவற்றுள் ஏழை நான் பெயரளவிற்கூட அறியேன். ஒன்பதையும் நீக்கினேன்.

உலாவியிலேயே பார்க்க வேண்டிய மற்றொன்று எக்ஸ்டென்ஷன் என்னும் துணைச் செயலிகள். நாம் தேடுவது ஒன்று, திறப்பது வேறொன்று என்று இருந்தாலும், முகப்புப் பக்கம் தானாக மாறியிருந்தாலும் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். நமக்குத் தேவையென்று தெரிந்தவை தவிர மற்றவற்றை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் பகுதியில் உள்ள ‘ரீசெட்’ கொடுத்தால் உலாவி பழைய நிலைக்கு வந்துவிடும். சேமித்த பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் அதனால் அழிவதில்லை.

மூன்றாம் இடத்துக்கு அவன் வருவது நாமே ஒரு கோப்பை இறக்கி ஓட்டினால்தான், பெரும்பாலும். உலாவி மூடியிருக்கும்போதே தனிச் சாளரமாக எச்சரிக்கை வருதல், கடிகாரத்தின் அருகே அறியாத சின்னம் நிற்றல், மெய்யான வைரஸ் எதிர்ப்புக் கருவியைத் திறக்கவொட்டாமல் தடுத்தல் முதலியவை இதன் குறிகள். 2024 முதல் பரவியிருக்கும் புதிய வழி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ‘நீங்கள் மனிதர்தாம் என்று மெய்ப்பிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துக, பிறகு கண்ட்ரோலோடு வி அழுத்துக, பிறகு என்டர் அழுத்துக’ என்று ஒரு பக்கம் கட்டளையிடும். அந்தப் பக்கம் முன்னமே நச்சுக் கட்டளை ஒன்றை நகல் செய்து வைத்திருக்கும். மூன்று விசைகளால் நாமே அதனை ஒட்டி ஓட்டிவிடுகிறோம். வேலியைத் தாண்டும் வேலையை நம்மிடமே ஒப்படைத்துவிடுகிறான். எந்த நேர்மையான தளமும் இப்படிக் கேட்காது.

இந்நிலையில் முதல் வேலை இணையத்தைத் துண்டித்தல். என்னைப் போலத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவியிருந்தால் இது மிகவும் இன்றியமையாதது. கம்பி இருக்கும்வரை அவன் கை உள்ளே இருக்கிறது. அடுத்து, செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதியைத் திறந்து, நிறுவிய நாளை வைத்து வரிசைப்படுத்தினால், தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை மேலே நிற்கும். அறியாதவற்றை நீக்கலாம். நான் அந்தத் தொலையியக்கச் செயலியை நீக்கினேன். எப்போதோ ஓர் எழுத்துருவோடு சேர்ந்து வந்த ‘டிரைவர் புதுப்பிப்பான்’ ஒன்றும் அங்கே குடியிருந்தது, அதையும் நீக்கினேன்.

நீக்கவொட்டாமல் தடுத்தால் ‘சேஃப் மோட்’ என்ற நிலையில் கணினியைத் தொடங்க வேண்டும். அந்நிலையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாத சில பகுதிகளை மாத்திரமே ஓட்டும். தானாக எழும் பிற செயலிகள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலப் பட்டியல் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்று, எண் 4ஐ அழுத்த வேண்டும். சில மடிக்கணினிகள் இவ்விடத்தில் 48 இலக்கமுள்ள பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும். முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

பிறகு சோதனை. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பகுதியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ என்பதன் கீழ் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. இதுவே என் மாணவன் பெரிதும் நம்பியது. இஃது ஏன் சிறந்தது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சோதனை செய்தால், ஒளிந்திருக்கும் நிரலும் ஓடிக்கொண்டிருக்கும். தன்னைக் கண்டுபிடிக்க வருவோரை ஏமாற்றவும் அதனால் முடியும். ஆஃப்லைன் சோதனையோ கணினியை மறுபடி தொடக்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே வட்டை ஆராய்கிறது. திருடன் உறங்கும்போது வீட்டைச் சோதிப்பது போன்றது. ஏறத்தாழ கால் மணி நேரம் பிடிக்கும். அதன் பின் முழுச் சோதனை ஒன்றும் ஓட்டலாம். எனக்கு அஃது இரவு முழுவதும் ஓடி, டவுன்லோட்ஸ் பெட்டியில் கிடந்த பழைய எழுத்துரு நிறுவியைப் பிடித்தது.

மருத்துவத்தைப் போலவே இங்கும் இரண்டாவது கருத்துக் கேட்பது தவறாகாது. மால்வேர்பைட்ஸ் என்னும் கருவியின் இலவச வடிவமும், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் அதற்கு உதவும். பின்னது இறக்கிய பத்து நாட்களில் காலாவதியாகிவிடும். ஆகையால் பழைய பிரதியைப் பத்திரப்படுத்திப் பயனில்லை. எதை இறக்கினாலும் அதை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். நம் அரசும் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்னும் நிலையத்தை 2017இல் தொடங்கி, நச்சு நிரல் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது.

போலிக் கருவிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்த சூழ்ச்சிகளும், அவற்றை முறியடித்த வழிகளும் ஒரு துப்பறியும் கதையைப் போன்றவை. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அவை எந்தச் செயலியைத் திறந்தாலும், ‘இதில் வைரஸ் இருக்கிறது’ என்று பொய் சொல்லித் தடுத்துவிடும். ஆனால், பணம் கட்டுவதற்கு உலாவி வேண்டுமே! ஆகவே இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மாத்திரம் திறக்க விட்டன. இதைக் கவனித்த நல்லவர்கள் ஆர்கில் என்ற சிறு கருவியை எழுதி, அதற்கு அந்த உலாவியின் கோப்புப் பெயரையே சூட்டினார்கள். காவலன் அதனை உலாவி என்று எண்ணி வழிவிட்டான். உள்ளே சென்ற கருவி அவனையே நிறுத்திவிட்டது. திருடனுடைய பேராசையையே அவனுக்குப் பகையாக்கிய அந்த யுக்தியை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

நோய் நீங்கிய பிறகும் சில வடுக்கள் நிற்கும். இணையம் திடீரென்று வேலை செய்யாவிட்டால், பிராக்ஸி என்னும் இடைநிலை முகவரியை அந்த நிரல் மாற்றிவைத்திருக்கலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பிராக்ஸி என்பதைத் திறந்து, நாம் இடாத முகவரியை எடுத்துவிட வேண்டும். வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்கள் மாத்திரம் திறக்கவில்லையென்றால், ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பில் பொய் முகவரிகள் எழுதப்பட்டிருக்கக்கூடும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலையும் ஒரு முறை பார்ப்பது நலம். இவையெல்லாம் செய்தும் ஐயம் தீராவிட்டால், சொந்தக் கோப்புகளை மாத்திரம் வெளியே நகல் எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே மேல். வங்கி வேலைக்குப் பயன்படும் கணினியானால் நான் தயங்கவே மாட்டேன்.

கடவுச்சொற்களை மாற்றும் வேலையை நோயுற்ற கணினியில் செய்யலாகாது. தூய்மையான வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ செய்ய வேண்டும். மின்னஞ்சலை முதலிலும், வங்கியை அடுத்தும் மாற்ற வேண்டும்; ஏனெனில் மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலைக் கொண்டே மாற்றிவிடலாம். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டிராமல், உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த அந்த எண் உதவுகிறது. மணிக்கணக்கில் தாமதித்தால் வாய்ப்புக் குறையும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏமாந்திருந்தால் அவர்கள் உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள். நானும் என் மகளிடம் பத்து நாட்கள் சொல்லவில்லை. கடிந்துகொள்ளமாட்டீர்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் முதல் மணி நேரத்திலேயே சொல்வார்கள்.

அன்று எழுந்து செல்லும்போது என் மாணவன், “ஐயா, இந்தச் சொற்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா?” என்று கேட்டான். இல்லை என்றேன். பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, முதலில் அதனைச் சோதித்துக் காட்டி, பிறகு என்னிடம் கொடுத்தான். இப்போது ஞாயிறுதோறும் நகல் எடுக்கிறேன். ஒரு பிரதி என் மேசையில் இருக்கிறது. மற்றொன்று கும்பகோணத்தில் என் மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எடுத்து முடித்தவுடன் அதனைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்றும் அவன் சொல்லியிருக்கிறான். சொருகியே வைத்திருந்தால் கணினிக்கு வரும் நோய் பிரதிக்கும் வந்துவிடுமாம்.